ஸ்டிக்கர் இல்லாத கார்

என் தம்பியிடம் கார் இருக்கிறது. கேட்டால் டேங்கை நிரப்பிச் சாவியைக் கையில் கொடுப்பான். ஆனால் அதன் பின்கண்ணாடி முழுக்க ஒரு தலைவர் படம் ஒட்டியிருக்கும். எங்கள் பக்கத்தில் அந்தப் படத்தைப் பார்த்தாலே போதும், உள்ளே இருப்பவர்கள் எந்தத் தெரு ஆட்கள் என்று பின்னால் வருகிற சைக்கிள்காரருக்குக்கூடத் தெரிந்துவிடும். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் வீட்டுக்காரரும் செங்கல்பட்டில் ஒரு வாடகைக் கார் எடுத்தோம். நாமே ஓட்டிக்கொண்டு போகிற கார். கண்ணாடியில் எந்தப் படமும் கிடையாது.

பார்க்கிறவர்களுக்குக் கடற்கரையைச் சுற்றிப் பார்க்க வந்த புருஷன் பெண்டாட்டி. நிஜத்தில் போனது வேவு பார்க்க.

நாவலூரில் வேலை பார்க்கிற எங்கள் மகள், அதே ஆபீஸில் இருக்கிற ஒரு பையனைக் கட்டிக்கொள்ள விரும்புவதாகச் சொன்னாள். பையன் எங்கள் வீட்டுக்கு வந்தான், வயிறாரச் சாப்பிட்டான், நன்றாகவே பேசினான். அவன் குடும்பத்துக்குப் பூர்வீகம் வேடந்தாங்கல் பக்கம், நிலபுலத்தோடு இருந்தவர்கள். இப்போது அவன் அப்பா அம்மா கடப்பாக்கத்தில் ரோட்டோரமாக ஒரு மெஸ் நடத்துகிறார்கள். நாங்கள் காலனிக்காரர்கள். எங்கள் பாட்டன்மார் அந்த மாதிரி ஆட்களின் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நான் கணக்கு டீச்சர் என்பதெல்லாம் ஊருக்குள் போனால் செல்லுபடியாகுமா என்று எனக்குச் சந்தேகம். "எங்க வீட்ல யாரும் அப்படியெல்லாம் பாக்க மாட்டாங்க ஆன்ட்டி" என்றான் பையன். எப்படியெல்லாம்? நான் கேட்கவே இல்லையே, இவன் எதற்கு முந்திக்கொண்டு சொல்கிறான் என்று அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

அடுத்த மாதம் இரண்டு வீட்டாரும் முறைப்படி சந்திப்பதாகப் பேச்சு. முறைப்படி போனால் யார்தான் சிரித்த முகத்தோடு வரவேற்க மாட்டார்கள்? முன்பின் தெரியாதவர்களாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்றேன். என் பெண் அந்த வீட்டில் மனுஷியாக நடமாட முடியுமா, இல்லை பின்வாசல் மருமகளா? எனக்கு அது தெரிந்தாக வேண்டும். மகள் சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "நீ வேணாம்னா வுட்டுடறேம்மா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மொத்தப் பாரமும் என் தலையில் விழுந்தது. நாங்கள் கிளம்பிய விஷயம் அவளுக்குத் தெரியாது.

கார் கொடுத்தவர் செல்போனை நீட்டிக்கொண்டு வண்டியின் ஒவ்வொரு கீறலையும் வீடியோ எடுத்தார். நாளைக்கு இல்லாத கீறலை நம் தலையில் கட்டிவிடுவார் என்று இவரும் தன் போனை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே சுற்றினார். இரண்டு ஆண்கள் ஒருவரை ஒருவர் நம்பாமல் காரை வலம் வந்ததைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. சந்தேகத்தை இப்படி நேருக்கு நேர் காட்டிவிட்டால் எவ்வளவு நிம்மதி!

திருக்கழுக்குன்றம் தாண்டி மாமல்லபுரம் வந்ததும் இவர் சுற்றுலாப் பயணியாகவே மாறிவிட்டார். ஒரு தொப்பி வாங்கி மாட்டிக்கொண்டார். கடலைப் பின்னால் வைத்து என்னை நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார். டிபன் சாப்பிடப் போன இடத்தில், வாசலில் நின்ற காரைப் பார்த்த ஓட்டல்காரர் எங்கள் மேஜையை இரண்டு தடவை துடைத்தார்.

"பாத்தியா டீச்சரே, எவ்ளோ மரியாதை!" என்றார் இவர்.

"மரியாதை உனுக்கு இல்ல. வெளிய நிக்குதே, அதுக்கு."

"ஏன், நாம நல்லா உடுத்திகினு வந்தா மரியாதை குடுக்கக் கூடாதா?"

எனக்கு இட்லி இறங்கவில்லை. காரில் வந்தது தப்போ என்று அப்போதுதான் தோன்றியது. போகிற இடத்திலும் காருக்குத்தானே சிரிப்பார்கள்? அதை வைத்து நான் எதைக் கண்டுபிடிக்கப் போகிறேன்? இவர் கடலைப் பார்த்து ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபமாக வந்தது. பெண்ணைப் பெற்ற பயம் கொஞ்சமாவது இருக்கிறதா இந்த மனுஷனுக்கு என்று நினைத்தேன்.

கல்பாக்கம், பாலாற்றுப் பாலம், கூவத்தூர் என்று வண்டி போய்க்கொண்டே இருந்தது. கடப்பாக்கத்தில் முதலில் ஒரு டீக்கடையில் நிறுத்தச் சொன்னேன். டீக்கடைக்காரருக்கு வாய் ஓயாது என்பது பார்த்ததுமே தெரிந்தது. சாப்பிட நல்ல இடம் எது என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"இப்டியே நேரா போனா மெஸ் ஒண்ணு கீதும்மா. மீன் கொயம்பு சூப்பரா இருக்கும். நம்ம ஆளுங்கதான், நம்பி துன்னலாம்" என்றார். பிறகு காரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்க எந்த ஊரு?" என்றார்.

"செங்கல்பட்டு."

"செங்கல்பட்டுல எங்க?"

இந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் நான் காலையிலிருந்து காத்திருந்தேன். "ரயில்வே ஸ்டேஷனுக்குக் கிட்ட" என்றார் இவர். அதுவும் பொய் இல்லை. இவருக்கு இப்படிப் பதில் சொல்லிச் சொல்லிப் பழக்கம்.

டீக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "மெஸ்ஸுக்கார அம்மாவுக்குத்தான் இப்போ பேஜாரு. பையன் மெட்ராஸ் பக்கம் வேலைக்குப் போன எடத்துல எவளையோ புடிச்சிகினு கீறானாம். வேற ஆளுங்க. அந்தம்மா ஒரு வாரமா சோறே துன்னல, படுத்த படுக்கை. இப்பத்தான் எந்திரிச்சி வந்து அடுப்பு பத்த வைக்குது."

டீயைக் கீழே வைத்துவிட்டேன். எவளையோ என்றால் என் பெண்தான்.

அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. இவர் வண்டியைப் பக்கத்தில் இருந்த ஆலம்பரைக் கோட்டைக்கு விட்டார். இடிந்த மதிலின் நிழலில் உட்கார்ந்தோம். கீழே கழிமுகத்தில் படகுகள் கிடந்தன. இவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"திரும்பிடலாம். இன்னா பாக்கணும்னு வந்தோமோ அது தெரிஞ்சிபோச்சி இல்ல?"

"தெரியல. டீக்கடைக்காரன் சொன்னதுதான் தெரியும். நேர்ல பாக்காம எம்பொண்ணுகிட்ட போய் வேணாம்னு சொல்ல மாட்டேன்."

"பாத்து? அந்தம்மா கையால சோறு வாங்கித் துன்னுட்டு, அப்புறம் வந்து அழப் போறியா?"

"அழுதா அழறேன். உனுக்கு இன்னா போச்சி?"

இவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பயம் இல்லாத மனுஷன் என்று நான் நினைத்தது தப்பு. பாட்டு முனகினதெல்லாம் பயத்தில்தான் போலிருக்கிறது.

மெஸ் சின்னது. தகரக் கூரை, நாலைந்து மேஜை. மதிய நேரம் தாண்டிவிட்டதால் வேறு ஆள் இல்லை. பையனின் அப்பா மீன் எடுக்கப் போயிருந்தார் போல, கல்லாவும் காலியாக இருந்தது. உள்ளேயிருந்து ஒரு அம்மா வந்தார். என் வயதுதான் இருக்கும். பையனுக்கு இருந்த அதே நெற்றி. எங்களைப் பார்த்ததும் ஒரு விநாடி அப்படியே நின்றார். பிறகு, "உக்காருங்க" என்று சொல்லி இலை போட்டார்.

நான் ஒவ்வொன்றாகக் கவனித்தேன். தண்ணீர் ஊற்றும்போது டம்ளரைக் கையில் எடுத்தாரா, தள்ளி வைத்து ஊற்றினாரா? கையில்தான் எடுத்தார். சோற்றை மேலேயிருந்து போட்டாரா? இல்லை, குனிந்து போட்டார். காரைப் பார்த்தாரா? ஒரு தடவைகூட வாசல் பக்கம் திரும்பவில்லை. எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருக்க இருக்க எனக்குச் சந்தேகம்தான் அதிகமானது. ஏனென்றால் இந்தப் பக்கத்தில் எல்லோரும் கேட்கிற கேள்வியை அவர் கேட்கவே இல்லை. எந்த ஊர் என்று கேட்காமல் ஒருத்தி எப்படிச் சோறு போடுவாள்? வறுத்த மீனை நாங்கள் கேட்காமலே கொண்டுவந்து வைத்தார். இவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் இவர் எழுந்தார். எழுந்தவர், இலையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

செங்கல்பட்டு ஓட்டல்களில் இவர் அப்படிச் செய்கிறவர் இல்லை. ஆனால் இவர் சின்னப் பையனாக இருந்தபோது ஊர்த்தெருக் கல்யாணங்களில் எங்கள் ஆட்களுக்குக் கடைசிப் பந்திதான். அதுவும் தின்ற இலையைத் தானே எடுத்துக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். மனசு பதறினால் இவர் கை இன்னமும் தானாக இலைக்குப் போய்விடுகிறது. தொப்பி, கார், பொய் எல்லாவற்றையும் அந்தக் கை ஒரே நொடியில் காட்டிக்கொடுத்துவிட்டது.

அந்த அம்மா வேகமாக வந்து இவர் கையில் இருந்த இலையைப் பிடித்தார்.

"எலய வைங்க சம்மந்தி."

இவர் விடவில்லை. அந்த அம்மாவும் விடவில்லை. எச்சில் இலையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் இவர்தான் கையை எடுத்தார்.

"எப்படித் தெரியும்?" என்றேன் நான்.

"பையன் போட்டோ காட்டிச்சி. பொண்ணு பக்கத்துல நீங்க ரெண்டு பேரும் கீறீங்க. உள்ள வந்தப்பவே தெரிஞ்சிகினேன்."

உடனே என் புத்தி அதையும் திருப்பிப் பார்த்தது. தெரிந்துதான் பரிமாறினாரா? அப்படியானால் குனிந்தது, டம்ளரைக் கையில் எடுத்தது எல்லாம் எங்களுக்காகப் போட்ட வேஷமா? வந்த வேலை வீணா? ஆத்திரம் தாங்காமல் கேட்டே விட்டேன்: "ஒரு வாரம் சாப்பிடாம படுத்திருந்தீங்களாமே?"

மறுப்பார் என்று நினைத்தேன். மறுத்திருந்தால் அந்த நிமிஷமே எழுந்து வந்திருப்பேன்.

"ஆமா. துன்னல" என்றார். இலையைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து முந்தானையில் கையைத் துடைத்தார். "பொய் இன்னாத்துக்கு சொல்லணும்? எங்க ஆளுங்க இன்னா பேசுவாங்கன்னு பயம். படுத்துகினே அழுதேன். அப்புறம் பசிச்சிது. எந்திரிச்சி துன்னேன். துன்னுகினு இருக்கும்போதுதான் நெனச்சேன், அந்தப் பொண்ணு உன்ன இன்னாடி பண்ணிச்சின்னு. இன்னமும் பயமாத்தான் கீது. ஆனா உங்க பொண்ணு இங்க எலய எடுக்காது. அத நான் பாத்துக்குவேன்."

"நீங்க சாப்ட்டீங்களா?" என்றேன்.

"இன்னும் இல்ல."

"உக்காருங்க. நான் போடறேன்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் எதற்குச் சொல்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நான் அதை மறைக்கவும் இல்லை. இவர் உட்கார்ந்திருந்த இடத்தில், அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நான் இலை போட்டேன். கரண்டி எடுக்காமல் கையாலேயே சோற்றை அள்ளி வைத்தேன். அவர் பிசைந்தார். வாயில் வைத்தார். அது தொண்டையில் இறங்குகிறவரை நான் கண்ணை எடுக்கவில்லை.

"இன்னா சம்மந்தி, பாத்துகினே நின்னா எப்படி? கொயம்பு ஊத்துங்க" என்றார்.