வெள்ளிமலை பஸ்ஸில் வராதவள்

போன வாரம் தாம்பரம் மார்க்கெட்டுக்குள் நுழைந்ததுமே பலாப்பழ வாசனை மூக்கில் ஏறிவிட்டது. கத்திரிக்காய் வாங்கப் போனவள் வெறும் பையோடு நின்றேன். வீட்டில் சொன்னால் வயசாகிவிட்டது என்பார்கள். உங்களிடம் சொல்வதற்கென்ன.

அந்த வாசனை என்றால் எனக்கு ராமாயிதான். கள்ளக்குறிச்சியில் நாங்கள் படித்த தனியார் பள்ளியில், கல்வராயன் மலையிலிருந்து வந்த ஒரே பெண். ஹாஸ்டலில் இருந்தாள். லீவு முடிந்து வெள்ளிமலை பஸ்ஸில் வந்து இறங்கினால் அவள் துணிப்பைக்குள் பலாச்சுளை இருக்கும். இங்கிலீஷ் டீச்சர் கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டே பாடம் நடத்துவார். இடைவேளையில் அவரே இரண்டு சுளை கேட்டு வாங்கிப்போவார்.

எங்கள் பெஞ்சில் மூன்று பேர். நான் வடக்கனந்தல் கரும்பு விவசாயி மகள். மும்தாஜ், கடைத்தெருப் பாத்திரக்கடை பாயின் மகள். நடுவில் ராமாயி. மதியம் மூவர் சாப்பாட்டையும் ஒன்றாகக் கொட்டிக்கொள்வோம். நோன்பு மாதத்தில் மும்தாஜ் சாப்பிட மாட்டாள், எழுந்து போகவும் மாட்டாள்.

"நீங்க துன்னுங்கடி, எனக்கு ஒண்ணும் ஆவாது."

அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படித் தின்பது? பாதியில் மூடி வைத்துவிடுவோம். கணக்குப் பாடத்தில் மூன்று வயிறும் சேர்ந்து கத்தும்.

ஒன்பதாவது படிக்கும்போது இடஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. எங்கள் சனத்துக்கும் காலேஜில் இடம் வேண்டும் என்று ரோட்டில் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். எங்கள் அண்ணனும் கோடாலியோடு போனான். மலைக்குப் போகிற ரோடு எங்கள் ஊர் வழியாகத்தான். பஸ் நின்றது, பள்ளியை மூடினார்கள், ஹாஸ்டலையும் பூட்டினார்கள். போக வழியில்லாத ராமாயியை மும்தாஜின் அப்பா தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொண்டார்.

அது தெரியாமல் ராமாயியின் அப்பா மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்திருக்கிறார். பூட்டிய ஹாஸ்டலைப் பார்த்து அரண்டுபோய், கடைத்தெரு முழுக்க விசாரித்துப் பெண்ணைக் கண்டுபிடித்தார். அப்பாவும் மகளும் எங்கள் ஊர் வழியாகத் திரும்பி நடந்தார்கள். விழுந்து கிடந்த புளியமரத்தைத் தாண்ட அண்ணன்தான் கை கொடுத்தான்.

"பாத்து வாங்க பெரியவரே, கிளை குத்தும்."

நான் தண்ணீர்ச் செம்போடு ஓடினேன். அவர் குடித்துவிட்டுச் சொன்னார்: "புள்ளையக் கண்ணால பாக்கற வரைக்கும் என் உசுரு என்கிட்ட இல்ல பாப்பா. போதும் இந்தப் படிப்பு."

ராமாயி என் காதோரம் வந்தாள். "அப்பா அப்புடித்தான் சொல்லும். பஸ்ஸு வுட்டதும் வந்துடறேன். என் எடத்துல யாரையும் உக்கார வைக்காதீங்கடி."

பஸ் விட்டார்கள். பள்ளியும் திறந்தது. பெஞ்சின் நடுவில் எங்கள் பைகளை வைத்து அவளுக்கு இடம் பிடித்தோம். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நின்று வெள்ளிமலை பஸ்ஸில் இறங்குகிற ஒவ்வொரு முகமாகப் பார்ப்போம். கடைசியில் கண்டக்டரே பாவப்பட்டுச் சொன்னார்: "இன்னாத்துக்கு தெனம் நின்னுகினு கீறீங்க? அந்தப் பொண்ணுக்கு கண்ணாலம் ஆயிடுச்சி."

மும்தாஜ் அழுதாள். எனக்குக் கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

போராட்டம் ஜெயித்தது. அந்த ஒதுக்கீட்டில்தான் எனக்கு காலேஜ் சீட்டு. அண்ணன் கேட்டது நியாயம், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் சீட்டு வந்த அன்று, என்னைவிட நன்றாகக் கணக்குப் போட்டவள் மலையில் யார் காட்டில் களை எடுக்கிறாளோ என்று நினைத்துச் சோறு இறங்கவில்லை.

இப்போது ரோடு அகலமாகிவிட்டது. பள்ளி வேனே மலைக்குப் போகிறதாம். வெள்ளிமலை பஸ்ஸும் நேரத்துக்கு வருகிறது. அவள் இறங்குவாளா என்று பார்த்து நிற்க அங்கே யாரும் இல்லை.