எனக்கு மட்டும் வராத கடிதம்

அந்த மனுஷர் என்னிடம் டீ கேட்ட நாளிலிருந்துதான் ஆரம்பிக்க ஆசை. ஆனால் அந்த இடத்துக்கு நான் எதற்குப் போனேன் என்று சொல்லாவிட்டால், டீ கேட்டதில் என்ன தப்பு என்று நீங்களும் அவர் பக்கம் பேசுவீர்கள்.

என் மருமகள் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். சம்பளத்துக்குச் செய்வது போதாதென்று, ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பளமே இல்லாமல் இன்னொரு வேலையும் செய்வாள். எந்த பஸ் எங்கே போகும், எங்கே இறங்க வேண்டும் என்று போனில் சொல்லும் செயலி அது. அவளைப் போலப் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து எழுதுகிறார்கள். எழுதியதைப் பூட்டி வைப்பதில்லை. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், படிக்கலாம், திருத்தி அனுப்பலாம்.

"இதுக்கு ஓப்பன் சோர்ஸுன்னு பேரு அத்தே" என்றாள். அவள் திருநெல்வேலிப் பக்கம்.

"கதவு இல்லாத வூடுன்னு சொல்லு. நாயி பூந்துடப் போவுது" என்றேன் நான். பிற்பாடு புகுந்தது என்னவென்று நீங்களே பார்ப்பீர்கள்.

நான் பட்டினப்பாக்கத்தில் மீன் எடுத்து, ராஜா அண்ணாமலைபுரத்திலும் அடையாற்றிலும் வீடு வீடாகக் கூடை இறக்கியவள். முழங்கால் தேய்ந்ததும் கூடையை விட்டேன், பஸ்ஸை விடவில்லை. பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்று ஆன பிறகு கேட்கவா வேண்டும். அதனால் மருமகள் அந்தச் செயலியைக் காட்டியபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஸ்டாப்புகளின் பேரெல்லாம் ஏதோ ஆபீஸ் புத்தகத்திலிருந்து எடுத்தவை. அங்கேயே பிறந்து வளர்ந்தவன்கூட அந்தப் பேர்களைக் கேட்டிருக்க மாட்டான்.

"இந்தப் பேரச் சொன்னா கண்டக்டரே கீழ எறங்கி வழி கேப்பான்மே."

"அப்ப நீங்களே சரியா எழுதிக் குடுங்க" என்று மூலை உடைந்த ஒரு பழைய லேப்டாப்பை என் மடியில் வைத்தாள்.

நான் படித்தது அஞ்சாவது வரைதான். அதிலும் பாதி நாள் கூடை தூக்கப் போய்விட்டேன். ஆனால் ஒற்றை விரலால் தமிழ் அடிக்க அஞ்சாவது தாராளம். மூன்று காரியம் சொல்லிக் கொடுத்தாள்: எடுப்பது, எழுதுவது, அனுப்புவது. எடுப்பதற்கு நான் ஒன்றும் செய்ய வேண்டாம். லேப்டாப்பைத் திறந்து, நெட் கிடைத்தால், புதுசு தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்படி வைத்திருந்தாள். எழுதி அனுப்பும்போது மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். யார் மாற்றினார்கள், என்றைக்கு, எதற்காக. அதற்கு அவர்கள் கமிட் என்கிறார்கள். இந்தச் சீட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு முதல் நாளிலிருந்து அப்படியே இருக்குமாம். ஹிஸ்டரியாம்.

எனக்கு ஸ்டாப் பட்டியலைவிடச் சீட்டுத்தான் பிடித்துப்போனது. இத்தனை வருஷம் நான் சொன்னதை யாரும் எழுதி வைத்ததில்லை.

எல்லாருடைய எழுத்தும் சேர்ந்து கிடந்தது ஒரு பெட்டியில். சர்வர் என்பார்கள். அது கோட்டூர்புரத்தில் ஒருவர் வீட்டு மாடி அறையில் இருந்தது. பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பெட்டி தன்னுடையது, கரண்ட் தன்னுடையது என்பதால் அதற்குள் இருப்பதும் தன்னுடையது என்ற நினைப்பு. பெட்டிக்காரர் என்று பேர் வைத்தேன்.

எனக்கும் அவருக்கும் முகம் பார்க்காமலே சண்டை தொடங்கிவிட்டது. மந்தைவெளிப் பக்கம் ஒரு ஸ்டாப்புக்கு நான் 'மாவு மில்லு' என்று எழுதியிருந்தேன். அவர் அதை அடித்துவிட்டு 'மூன்றாவது குறுக்குத் தெரு சந்திப்பு' என்று போட்டார். சீட்டில் காரணம்: 'அவ்விடத்தில் மாவு மில் எதுவும் இல்லை.' நான் மறுபடியும் மாவு மில்லு என்று மாற்றி என் சீட்டை ஒட்டினேன்: 'மில்லு இடிச்சி ரொம்ப வருசம் ஆச்சி. கண்டக்டர் இன்னும் மாவு மில்லுன்னுதான் கத்தறாரு. சார் கார்ல போறவரு, அவருக்குக் கேக்காது.'

இப்படி ஏழெட்டு நடந்தது.

அப்புறம்தான் அந்தக் கூட்டம். அடையாற்றில் ஒரு சின்ன ஹாலில், எழுதுகிறவர்கள் எல்லாரும் நேரில் கூடினார்கள். மருமகள் என்னையும் அழைத்துப் போனாள். நல்ல புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு போனேன். முழங்காலுக்குச் சாய ஒரு இடம் வேண்டுமே என்று வாசலோரம் கிடந்த மேஜையைப் பிடித்து நின்றேன். அதன்மேல் டீ டிரம் இருந்தது. அது என் தப்பா?

"ஆயா, அந்தப் பக்கம் நாலு டீ. ஒண்ணு சுகர் இல்லாம" என்றது ஒரு குரல். பெட்டிக்காரர். என் முகத்தைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை, டிரம்மைப் பார்த்துச் சொன்னார்.

ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சர்க்கரை இல்லாத டீயை அவருக்கு வைத்தேன். அது பக்கத்தில் இருந்த அம்மாவுக்காகக் கேட்டதாம். எனக்கும் அது தெரியும்.

கூட்டம் தொடங்கியதும் மருமகள் எழுந்து, "ஸ்டாப் லிஸ்ட் முழுசும் எங்க அத்தை எழுதினது" என்று என்னைக் காட்டினாள். பெட்டிக்காரர் டீ கப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவங்களா? வெரி குட், வெரி குட். வீட்டுல இருக்கறவங்களுக்கும் பொழுது போகணும் இல்லையா?" என்றார். அதற்குள் முன்வரிசையில் ஒரு பையன் பெரிய திரையில் என் சீட்டுகளைத் திறந்துவிட்டான். 'சார் கார்ல போறவரு' என்று சத்தமாகப் படித்தான். ஹால் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். கொஞ்சம் அதிகமாகவே.

அடுத்த வாரம் பெட்டிக்காரர் தன் வேலையைக் காட்டினார். பெட்டி அவருடையதாயிற்றே. ஸ்டாப் பட்டியலின் பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அழித்தார். பட்டியல் மட்டும் இருந்தது, யார் எழுதியது என்பது இல்லை. மேலே ஒரே ஒரு புதுச் சீட்டு, அவர் பேரில்: 'தேவையற்ற பழைய குறிப்புகள் அனைத்தும் நீக்கப்பட்டன.' யார் பார்த்தாலும் அத்தனை ஸ்டாப்பையும் அவரே பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கி எழுதியதாகத்தான் நினைப்பார்கள். எழுதுகிறவர்களின் பேர்ப்பட்டியலிலிருந்தும் என் பேரை எடுத்துவிட்டு, மீதிப் பேருக்கெல்லாம் ஒரு கடிதம் அனுப்பினார். எல்லாரிடமும் ஒரு பிரதி இருக்குமாம்; பழைய பிரதியை அழித்துவிட்டுப் புதுசு எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் குழப்பம் வரும் என்று.

எல்லாரும் அழித்தார்கள். என் மருமகளும்.

"ஆபீஸ்ல ஒரே வேலை அத்தே. லெட்டர முழுசா படிக்காம சொன்னபடி செஞ்சிட்டேன்." சமையல்கட்டில் நின்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அவள் கல்யாணத்தில் நடந்த சண்டைக்குக்கூட அவள் தலை குனிந்ததில்லை.

திறக்காமலே என் லேப்டாப்பை ஒரு பழைய பாவாடையில் சுற்றி, பீரோவில் என் பட்டுப்புடவைகளுக்கு அடியில், நாலு பாச்சை உருண்டையோடு போட்டுப் பூட்டினேன். அவர் வீட்டு வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் அந்த மாடியைப் பார்த்து, "இரு நைனா, இரு" என்று மட்டும் சொல்லிவைப்பேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் எனக்கு மகன் இருக்கும் வீடு என்று நினைத்திருப்பார்கள்.

ஏழு மாசம் போனது. பெட்டி சூடாகி அடிக்கடி நின்றது. அவர் புதுசு வாங்கவில்லை. கூட்டத்தார் வேறு இடத்தில் ஒரு நல்ல சர்வர் பிடித்து, எல்லாவற்றையும் அங்கே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தார்கள். மாற்றுகிற பொறுப்பு மருமகளுக்கு வந்தது. பெட்டிக்குள் இருந்தது நாலு மூட்டை. ரெப்போ என்பாள். மூன்றை ஒரே காலையில் சீட்டோடு மாற்றிவிட்டாள். நாலாவது ஸ்டாப் பட்டியல்.

"இதுல ஹிஸ்டரி அவரு அழிச்ச பொறவு உள்ளதுதான் இருக்கு. அப்பிடியே கொண்டு போனா காலத்துக்கும் அவரு பேருதான் அத்தே" என்றாள்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது வெங்காயத்தால்தான். "அயிக்கச் சொல்லி லெட்டர் போட்டாருன்னியே. எனக்கு வர்லயே?" என்றேன்.

"உங்க பேரத்தான் லிஸ்ட்லயிருந்து எடுத்துட்டாருல்லா? பொறவு எப்படி வரும்?"

"வர்லன்னா நான் இன்னும் அயிக்கல."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"அத்தே, அந்த லேப்டாப்ப வித்தாச்சின்னுல்லா உங்க மவன் சொன்னாவ?"

"அவன் இன்னாத்த கண்டான். என் பொடவைக்கு அடியில கீது."

ஓடினாள். பாவாடையைப் பிரித்து, திறக்கப் போனவள் நெருப்பைத் தொட்டது போல் கையை எடுத்தாள். "அய்யோ, நெட்! தொறந்ததும் தானா புதுச எடுக்கும்படி நாந்தானே வச்சிருக்கேன். எடுத்துச்சின்னா பழசு மேல ஏறிரும்."

நான் நேராகக் கூடத்துக்குப் போய் வைஃபை டப்பாவின் ஒயரைப் பிடுங்கினேன். டிவியில் கிரிக்கெட் அப்படியே நின்றது.

"ஏம்மா! லாஸ்ட் ஓவர்மா!" என்று கத்தினான் என் மகன்.

"எனக்கும்தாண்டா" என்றேன்.

சார்ஜரைக் காணோம். அது என் மகனின் மேஜையடியில் வேறு எதற்கோ செருகிக் கிடந்தது. அரை மணி நேரம் சார்ஜ் ஏற்றித் திறந்தோம். வீடு முழுக்கப் பாச்சை உருண்டை வாசனை. மருமகள் ஏதோ தட்டினாள். என் சீட்டுகள் வரிசையாகக் கீழே இறங்கின. என் பேர், என் பேர், என் பேர். 'மில்லு இடிச்சி ரொம்ப வருசம் ஆச்சி.' அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள். பென்டிரைவில் ஒரு பிரதி, அவள் லேப்டாப்பில் ஒரு பிரதி எடுத்த பிறகுதான் ஒயரைத் திரும்பச் செருகினேன். கிரிக்கெட் முடிந்திருந்தது. யார் ஜெயித்தது என்று நான் கேட்கவில்லை.

இரண்டு நாள் உட்கார்ந்து, பழைய சீட்டுகளை அடியில் வைத்து, அதற்குப் பிறகு மற்றவர்கள் எழுதியதை மேலே வரிசையாகச் சேர்த்தாள். நடுவில் பெட்டிக்காரருடைய சீட்டு வந்தது.

"இத விட்டுருவோம் அத்தே. பெரிய மனுசரு, பாவம்."

"அதெப்பிடி வுடுவ? ஒருத்தரு செஞ்சத அயிக்கறது தப்புன்னுதான இம்மாம் பாடு? அவரு செஞ்சதும் இருக்கட்டும். அந்தந்தத் தேதில, அவரு பேர்லயே வை."

வைத்தாள். அப்போதுதான் அந்த அழகைப் பார்த்தோம். ஒவ்வொரு சீட்டுக்குக் கீழேயும், அதை ஒட்டியவர் எத்தனை வரி மாற்றினார் என்று காட்டும். அன்றைக்குப் பட்டியலில் அவர் எதையும் தொடவில்லை, அழித்தது சீட்டுகளைத்தானே. சீட்டுகளெல்லாம் இப்போது திரும்பி வந்துவிட்டன. அதனால் 'பழைய குறிப்புகள் அனைத்தும் நீக்கப்பட்டன' என்று கொட்டை எழுத்தில் இருக்க, அடுக்கில் அதற்கு அடியில் என் சீட்டுகள் அத்தனையும் இருந்தன, அவர் மாற்றிய வரிகள்: பூஜ்யம்.

"நான் ஒண்ணும் பண்ணல, சாமி" என்றேன். "அவரே எய்திக் குடுத்தது."

புது இடத்துக்கு மாற்றியதைக் காட்ட அதே ஹாலில் கூடினோம். இந்தத் தடவை முன்வரிசையில் நடுவில் உட்கார்ந்தேன். பெட்டிக்காரர் தான் இத்தனை வருஷம் கட்டிக் காத்ததைப் பற்றி நீளமாகப் பேசினார். முடித்ததும் மருமகள் திரையைப் போட்டாள். அந்தப் பையன் மறுபடியும் வாசிக்கத் தொடங்கினான், பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. பூஜ்யம் என்ற இடத்தில் நிறுத்தி, "சார், இதுல நீங்க என்ன பண்ணீங்க?" என்று உண்மையாகவே கேட்டான்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அந்த என்ட்ரி வேண்டாமே, எடுத்துடலாமே" என்றார் மெதுவாக.

"இங்க யாரு சீட்டையும் எடுக்க மாட்டோம் சார்" என்றாள் மருமகள்.

நான் எழுந்து, டீ டிரம்மிடம் போய் ஒரு கப் பிடித்துக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். "சர்க்கர கம்மியா போட்டுகீறேன் சார். போன தபா கேட்டீங்களே."

கதை அதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். புது இடத்தில் ஸ்டாப் பட்டியலில் யார் எதை மாற்றினாலும் நான் பார்த்து ஒத்துக்கொண்டால்தான் உள்ளே போகும் என்று வைத்துவிட்டார்கள். போன மாசம் ஒரு திருத்தம் வந்தது. பெட்டிக்காரரிடமிருந்து. கோட்டூர்புரத்தில் அவர் வீட்டருகே உள்ள ஸ்டாப்பை நான் 'ஹவுசிங் போர்டு' என்று எழுதியிருக்கிறேன், இப்போதெல்லாம் 'லைப்ரரி' என்றுதான் சொல்கிறார்களாம்.

அவர் சொன்னது சரி. அதுதான் எரிச்சல்.

'யார் சொன்னது?' என்று திருப்பி அனுப்பினேன். 'நான் இங்குதான் வசிக்கிறேன்' என்று பதில். 'வசிச்சா போதாது, எறங்கணும். எந்த பஸ்ஸு, கண்டக்டர் இன்னா கத்தினாரு?' என்று மறுபடியும் திருப்பினேன். ஒரு வாரம் சத்தமில்லை. அப்புறம் வந்தது: 'இன்று காலை பஸ்ஸில் சென்றேன். உட்கார இடமில்லை. நடத்துநர் லைப்ரரி எல்லாம் இறங்கு என்றார்.'

"அத்தே, மனுசரு நின்னுக்கிட்டே போயிருக்காரு. ஒத்துக்கிடுங்க, போதும்" என்றாள் மருமகள்.

"ஒத்துக்காம எங்க போறேன். போற பஸ்ஸுல சொன்னது சரி. வர்ற பஸ்ஸுல இன்னா சொல்றான்னு தெரிய வேணாமா?"

நேற்று அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறேன். மத்தியான பஸ்ஸாகப் பார்த்து ஏறினால் தெளிவாகக் கேட்கும் என்றும் ஒரு வரி சேர்த்தேன். வெயில் இந்த வாரம் நன்றாகவே அடிக்கிறது.