மேனேஜர் மேடத்தின் பட்டன் போன்

மன்னிக்கணும். இந்தப் பக்கத்தில் தட்டு போட்டோ மட்டும்தான் போடுவேன். இன்று எழுத வேண்டியிருக்கிறது... கொஞ்சம் நீளமாகவும் போய்விட்டது.

நூர்ஜகான் அக்கா நேற்று காலை இறந்துவிட்டார். கடை ஷட்டரைத் திறக்கும்போது நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே...

பெரம்பலூரில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தவர். யாரென்று தெரியவில்லையே என்று நினைப்பீர்கள். தெரியும். நிச்சயதார்த்தத்துக்கோ வளைகாப்புக்கோ சீர்வரிசைத் தட்டு அலங்காரம் செய்து தரச் சொல்லி எனக்கு போன் செய்த எல்லோரும் அவரிடம்தான் பேசியிருக்கிறீர்கள்.

"மேனேஜர் மேடம்" அவர்தான்.

தட்டில் முந்திரியை வைத்து மயில் செய்யச் சொன்னால் செய்துவிடுவேன். தெரியாதவர்களிடம் "ஹலோ" சொல்லத்தான் வராது. எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான். அந்த டிகிரியிலும் வாய்மொழித் தேர்வில்தான் மார்க் குறைவு.

தொழில் ஆரம்பித்த புதிதில் லேஸும் நெட் துணியும் வாங்க அக்கா கடைக்குப் போயிருந்தேன். என் போன் அடித்தது. அடித்து முடியும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

"ஏன் புள்ள எடுக்க மாட்டேங்குற? யாரு, பொண்ணு பாக்க வந்தவனா?"

"இல்லக்கா... கஸ்டமரு."

"கஸ்டமரா! அதுக்கா இப்படி முழிக்கிற?"

மறுபடி அடித்ததும் பிடுங்கிக்கொண்டார். "சொல்லுங்க, மேனேஜர் பேசுறேன். மேடம் வேலையா இருக்காங்க, எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க."

யார் அந்த மேடம் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

அடுத்த வாரமே ஒரு பட்டன் போனும் புது சிம்மும் வாங்கி அக்கா கடையில் வைத்துவிட்டேன். அதன் முதுகில் அக்கா கடையில் விற்கும் கண்ணாடிக் கல்லையெல்லாம் ஒட்டி ஜிகுஜிகுவென்று ஆக்கிவிட்டார். இந்தப் பக்கத்தில் இருப்பது அந்த நம்பர்தான்.

"மேனேஜருக்கு என்ன சம்பளம்?" என்று அவர் கணவரிடம் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். பாய் சிரித்தார். "அவ பேசுறதக் கேக்க ஊரு பூரா ஆளு புடிச்சுக் குடுத்துருக்க. நாந்தாம்மா ஒனக்குத் தரணும்."

எறையூர் நிச்சயதார்த்தத்தைச் சொல்லியே ஆகவேண்டும்...

மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குத் தட்டு போகிறது. ஒற்றைப்படையில்தான் போகவேண்டும் என்பதால் இருபத்தொன்று செய்திருந்தேன். ஆளுக்கு ஒரு தட்டாகப் பெண்கள் கையில் எடுத்தாகிவிட்டது. அப்போது மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒரு தாம்பாளத்தோடு வந்து நின்றார். சர்க்கரை ஆலையில் வேலை பார்ப்பவர். தாம்பாளம் நிறையச் சர்க்கரை, உச்சியில் ஒரே ஒரு ரோஜா. அவரே செய்த அலங்காரம்.

இருபத்திரண்டு.

தாய்மாமனிடம் போய் அதை வைத்துவிட்டு வாங்க என்று யார் சொல்வது? அப்புறம் கல்யாணத்துக்கே வரமாட்டார். என் தட்டில் ஒன்றைக் குறைக்கலாம். எந்த அத்தை கையிலிருந்து வாங்குவது? இன்னொன்று சேர்க்க என்னிடம் தட்டு இல்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "என்னம்மா, ஏதாச்சும் சொல்லு!" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. என் போனில் அக்காவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, அந்த அம்மா முன்னால் நீட்டினேன்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் அக்கா ஆரம்பித்துவிட்டார்.

"அட, மாமன் தட்டப் போயி யாராச்சும் எண்ணுவாங்களா? அது கணக்குலயே வராதுங்க. எல்லாத்துக்கும் முன்னாடி தனியாப் போவணும். மாமனேதான் தூக்கணும். மேளம்கூட அவருக்குப் பின்னாடிதான்."

மாமா மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார். மீசையைத் தடவிக்கொண்டார். தாம்பாளத்தைத் தோளுக்குத் தூக்கிக்கொண்டு அவர் நடந்த வேகத்துக்கு மேளக்காரர்கள் ஓடவேண்டியிருந்தது.

"இது எந்த ஊரு வழக்கங்க?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"எங்க ஊரு வழக்கங்க" என்றது ஸ்பீக்கர்.

மறுநாள் கடைக்குப் போய்க் கேட்டேன். "அக்கா, நெசமாவே அப்படி ஒரு வழக்கம் இருக்கா?"

"எனக்கென்ன புள்ள தெரியும்? நான் என்ன தட்டு மாத்தியா நிக்காஹ் பண்ணுனேன்? இல்லைனா என்ன, நேத்து ஆரம்பிச்சாச்சுல்ல!"

சிரித்த சிரிப்பில் கம்பியில் தொங்கிய பொட்டு அட்டையெல்லாம் விழுந்தது.

அதற்குப் பிறகு எறையூர்ப் பக்கம் நான் போன நிச்சயதார்த்தத்தில் எல்லாம் மாமன் தட்டுதான் முன்னால் போகிறது. ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

நேற்று அடக்கம் முடிந்து திரும்பிய பாய், உள்ளே போய் அந்த பட்டன் போனை எடுத்து வந்தார். "ஒம் போனும்மா. காலைலேர்ந்து அடிச்சிக்கிட்டே கெடக்கு. எனக்கு மேனேஜர் வேலை தெரியாதே..."

வீட்டுக்குத் திரும்ப அரியலூர் பஸ்ஸில் வரும்போது, அது கைக்குள்ளேயே அடித்தது. எடுத்துவிட்டேன்.

"ஹலோ, மேனேஜர் மேடங்களா?" ஒரு பெண் குரல். பின்னால் குக்கர் விசில்.

வாயைத் திறந்தேன்...

"ஹலோ... ஹலோ... சத்தமே வரலையே." வைத்துவிட்டார்.

திருப்பிக் கூப்பிடப் பச்சைப் பட்டனில் விரலை வைத்தேன். அழுத்தாமலே எடுத்துவிட்டேன்.

அக்கா, தை மாத ஆர்டர் எல்லாம் அப்படியே இருக்கிறது. மாமன் தட்டு முன்னாடிதான் போகும். போயிட்டு வாங்க.

கடைசியாக ஒன்று கேட்கவேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நம்பர் மாறவில்லை. நேற்று குக்கர் விசிலுக்கு நடுவில் கூப்பிட்டவங்க, மறுபடி ஒருதடவை கூப்பிடுங்க. எடுத்ததும் கொஞ்ச நேரம் சத்தம் வராது. வச்சிடாதீங்க.

பேசுவேன்.