கவிழ்த்துக் காட்டும் டம்ளர்

"கவுத்துக் காட்டுங்க."

குடித்தவர் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்க்கிறார். ஒரு சொட்டு தரையில் விழுகிறது. "அந்தச் சொட்டும் உங்க கணக்குதான்" என்று சிரித்துவிட்டு, கழுவி அடுக்கியதில் இன்னொரு டம்ளரை எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் நகர்கிறார் ஸ்கேன் அறை நர்ஸ்.

சி.டி. ஸ்கேனில் உள்ளே இருப்பது தெளிவாகத் தெரிய, நரம்பில் ஒரு சாய மருந்து ஏற்றுவார்கள். அதை வடிகட்டி வெளியே தள்ள வேண்டியது சிறுநீரகம். சாப்பிடாமல் வா என்றால் பாதிப் பேர் தண்ணீரையும் விட்டுவிட்டு, உதடு வெடிக்க வந்து உட்காருகிறார்கள். அவர்களுக்காகத்தான் அந்த டம்ளர். டாக்டர் தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்னவர்களுக்கு மட்டும் நர்ஸ் சீட்டைப் பார்த்துவிட்டு ஊற்றுவார். வெளிப் பெஞ்சில் அவருக்கு டம்ளர் அக்கா என்றே பெயர்.

ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. கொண்டையில் எப்போதும் ஒரு பேனா. ஊசி போடும்போது நரம்போடு பேசுவார். "ஒளியாதடா ராசா, வெளிய வா." மருந்து ஏறும் முன் எல்லோருக்கும் ஒரே பாட்டு: "உடம்பெல்லாம் சூடா ஓடும். துணிய நனைச்சுட்ட மாதிரி இருக்கும். நனைக்கல. எந்திரிச்சுப் பாக்காதீங்க." முறுக்கு மீசைக்காரர் ஒருவர் வெளியே வந்ததும் குனிந்து பார்த்துக்கொண்டதை நானே கண்டேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. சாவி, சில்லறை என்று பையில் இருப்பதையெல்லாம் ஒரு தட்டில் கொட்டச் சொல்வார். "வாய் மறந்துடும், பை மறக்காது" என்பார்.

என் வீட்டுக்காரர் வெல்டிங் பட்டறைக்காரர். சர்க்கரை உண்டு. சிறுநீரகம் கொஞ்சம் களைத்துப்போயிருக்கிறது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஈரலில் ஏதோ நிழல் தெரிகிறது என்று ஸ்கேனுக்கு எழுதினார்கள். சர்க்கரை மாத்திரை தவிர வேறெதுவும் இல்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார் மனிதர். தட்டில் சீப்போடு பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்றும் விழுந்தது.

"இது என்னண்ணே?"

"முட்டிவலிக்கு, சிஸ்டர். கடையில கேட்டு வாங்கினது. இதெல்லாம் மாத்திரைல சேர்த்தியா?"

"எத்தனை நாளா?"

"ஒரு பத்து நாளா. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

எனக்கே அப்போதுதான் தெரியும். களைத்த சிறுநீரகத்தை வலி மாத்திரை இன்னும் கெடுக்கும் என்றார் அக்கா. கையிலிருந்த ரத்தப் பரிசோதனைச் சீட்டோ போன மாதத்தது. அக்கா டாக்டருக்குப் போன் போட்டார். உடனே மறுபடி ரத்தம் எடுத்தார்கள். சிறுநீரகத்தைப் பற்றிச் சொல்லும் அந்த எண் ஏறியிருந்தது. மாத்திரையை நிறுத்துங்கள், ஒரு வாரம் பொறுத்தால் குடிமுழுகாது என்றார் டாக்டர்.

இவருக்குக் கோபம். "பட்டறைய மூடிட்டு வந்திருக்கேன். ஒரு ஊசிதானே, ஏத்தி விடுங்க சிஸ்டர்."

"ஏத்துறது எனக்கு அரை நிமிஷ வேலை. இறக்குறது உங்க கிட்னி. அது சரின்னு சொல்லட்டும், ஏத்துறேன்."

"டம்ளரை வச்சுக்கிட்டு ராஜ்யம் பண்ணுது அந்தம்மா" என்று வீடு வரைக்கும் முணுமுணுத்தார். நான் மனதுக்குள் கடவுளைக் கும்பிட்டுக்கொண்டு நடந்தேன்.

அடுத்த வாரம் அந்த எண் இறங்கிவிட்டது. யாரும் கேட்கும் முன்பே இவர் சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டினார். "பாருங்க, சீப்பு கூட இல்ல." தண்ணீரைக் குடித்தார், கவிழ்த்தார், ஸ்கேனும் முடிந்தது. (அந்த நிழலுக்குப் பயப்பட வேண்டாம் என்று இரண்டு நாள் கழித்து டாக்டர் சொன்னார்.)

ஊசி கழற்றும் வரை அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். இவர் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு பேருக்கு ஊற்றியாகிவிட்டது. அக்காவின் உதடு மட்டும் காய்ந்து கிடந்தது.

"நீங்க குடிக்கிறதில்லையா?" என்று நான்தான் கேட்டேன்.

"குடிச்சா நடுவுல எந்திரிச்சுப் போகணும்மா. இவங்கள யாரு பாக்குறது?"

இவர் எழுந்து போனார். ஒரு டம்ளர் நிறைய ஊற்றிக்கொண்டு வந்து நீட்டினார். "சட்டம் எங்களுக்கு மட்டும்தானா, சிஸ்டர்?"

அக்கா வரிசையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். காலி டம்ளரை நீட்டினார். இவர் வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அக்கா டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார்.