கோல்கீப்பர் அடித்த பன்னிரண்டு கோல்

இணையக் கலைக்களஞ்சியத்தில் மறைந்த என் கணவரைப் பற்றி ஒரு பக்கம் வந்திருக்கிறது. இன்று செம்மேட்டுக்குப் போய், பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்தேன்.

"மாவட்டக் கால்பந்து அணிக்காகப் பன்னிரண்டு கோல் அடித்தார்."

அவர் கோல்கீப்பர்.

எழுதியவன் என் அண்ணன் மகன். உடனே போன் செய்தேன்.

"கோலே அடிக்காதவர யாருங்க அத்தை படிப்பாங்க? மாமாவுக்குப் பெருமைதானுங்களே!"

"பொய்யில என்னடா பெருமை? எடுத்துடு."

"எடுத்தா பக்கத்துல ஒண்ணுமே மிஞ்சாதுங்க."

ஒன்றுமே மிஞ்சாதாம்!

எங்கள் மலை மைதானத்தில் கோல் விழுந்தால் பந்து பள்ளத்தில் உருண்டுவிடும், ஆட்டம் அதோடு முடிந்துவிடும். அவர் கோலில் நின்ற நாட்களில் இருட்டும்வரை ஆடினார்கள்.

அவர் ஆடியதைப் பார்த்தவர்கள் இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள். அவர் இல்லாததால் இந்தப் பன்னிரண்டு கோலையும் நான்தான் தடுக்க வேண்டியிருக்கிறது.