நட்டுன்னா நட்டுதான்

அம்மாதான் பிரேக் போட்டாள்.

ஓட்டிக்கொண்டிருந்தது மகள். ஆனால் அந்தக் கார் ஒரு காலத்தில் டிரைவிங் ஸ்கூலில் இருந்தது. பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. வாங்கியபோதே கழற்றியிருக்கலாம், மகளுக்கு மனம் வரவில்லை. அம்மா ஏறி உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பாதத்தை அந்த மிதியின் மேல் பட்டும் படாமலும் வைத்துக்கொள்வாள். இதுவரை மிதித்ததில்லை. இன்று மிதித்தாள்.

ஸ்டியரிங் கையில் நடுங்க ஆரம்பித்து வெகுநேரம் ஆகியிருந்தது. மகள் ரோட்டின் மேல் பழியைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தாள். முன்பக்கம் எங்கோ கேட்ட டக் டக் திடீரென்று வேகமெடுத்தது. வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. பின்னால் வந்த லாரி ஹாரனை விடாமல் அடித்தபடி ஒதுங்கிப் போயிற்று.

"என்னவோ கழண்டு போற மாதிரி இருக்குடி," என்றாள் அம்மா. கால் இன்னும் மிதியின் மேலேயே இருந்தது.

மகள் இறங்கிப்போய் முன்சக்கரத்தின் பிளாஸ்டிக் மூடியைப் பெயர்த்தாள். உள்ளிருந்து ஒரு நட்டு காலடியில் விழுந்தது. டக் டக் அதுதான். மீதி மூன்றையும் தொட்டுப் பார்த்தாள். ஸ்பானருக்கு வேலையே இல்லை. விரலாலேயே சுழன்றன.

விழுந்ததை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கம் உருண்டையாக இருந்தது. யார் வேலை என்று அதற்கு மேல் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

காரோடு வந்தவை இரும்புச் சக்கரங்கள். அவற்றின் துளை உட்புறம் கூம்பாகச் சரிந்திருக்கும். நட்டின் அடியும் கூம்பாக இருந்தால்தான் அதில் போய் உட்காரும். அவள் பின்னால் தேடிப் பிடித்த அலாய் சக்கரங்கள், நசுங்கிக் கிடந்த வேறொரு கம்பெனிக் காரிலிருந்து கழற்றியவை. அவற்றின் துளை கிண்ணம் மாதிரி. அதற்கு உருண்டை நட்டு. இரண்டுக்கும் ஒரே மரை, ஒரே ஸ்பானர். மாட்டிய பிறகு வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. கூம்பில் உருண்டையைப் போட்டு முறுக்கினாலும் இறுகின மாதிரிதான் இருக்கும். ஆனால் நூலளவு வட்டத்தில்தான் பிடித்திருக்கும். ஓட ஓட விட்டுவிடும்.

பழைய கூம்பு நட்டுகளை ஒரு காபித்தூள் டப்பாவில் போட்டு, சமையலறையில் சிங்க்குக்குக் கீழே வைத்திருந்தாள். இரும்புச் சக்கரத்தைத் திரும்ப மாட்டினால் அதைத்தான் போட வேண்டும் என்று அண்ணனிடம் அப்போதே சொன்னாள். அவன் ஃபோனைப் பார்த்துக்கொண்டே ம் என்றான்.

நேற்றுச் சாயங்காலம் ஆயில் மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி வண்டியை எடுத்துப் போனவன் அவன். இன்று காலை அம்மாவைப் பெரியம்மா வீட்டுக்கு அழைத்துப் போக வெளியே வந்தால், வாசலில் கார் இரும்புச் சக்கரத்தில் நின்றது. தாமிர நிற அலாய்கள் நான்கையும் காணோம். செருப்பைத் திருடிக்கொண்டு போனவன் அந்த இடத்தில் தன் கிழிந்த செருப்பை விட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது. அண்ணனுக்கு ஃபோன் செய்தாள். எடுக்கவில்லை. மறுபடி செய்தாள். கட் செய்தான். அந்தக் கோபத்தோடு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகியவள், மூடியைக் கழற்றிப் பார்க்கவில்லை.

"அவன் தெரியாம செஞ்சிருப்பான்," என்றாள் அம்மா, ரோட்டோரத் தடுப்பில் உட்கார்ந்தபடி. "உனக்கு எதுக்கெடுத்தாலும் மூக்குக்கு மேல கோபம்."

"தெரியாமத்தான் செஞ்சான். தெரியாதவன் எதுக்குத் தொடணும்?"

 மகன் விஷயத்தில் அம்மாவுக்கு எந்தப் பக்கமும் பிரேக் கிடையாது.

மகள் மூக்குக்கண்ணாடிக் கடைகளுக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுக்கும் பட்டறையில் வேலை பார்த்தாள். லென்ஸின் விளிம்பைச் சுற்றி ஒரு முனை விட்டுத் தேய்க்க வேண்டும். ஃப்ரேமின் பள்ளத்தில் அந்த முனை போய் உட்கார வேண்டும். உட்காராத லென்ஸ் என்றைக்காவது ஒருநாள் சாப்பாட்டுத் தட்டில் விழும் என்பார் பட்டறைக்காரர். நாள் முழுக்க நின்று தேய்த்துவிட்டு வந்து, மாலையில் அண்ணன் கூட்டத்துக்கு டார்ச் பிடிப்பாள். பழைய கார் வாங்கி, அக்கக்காகக் கழற்றி, பாதியைத் திரும்ப மாட்டுகிற கூட்டம் அது. அண்ணனுக்கே சொந்தமாக ஒரு கார் உண்டு: இஞ்சின் ஒரு ஷெட்டில், உடம்பு இன்னொரு ஷெட்டில். தரை என்று ஒருவன் இருந்தான். காரை அவ்வளவு தாழ்த்தி வைத்திருந்தான். வேகத்தடை வந்தால் அவனைத் தவிர எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும்.

டார்ச் பிடிப்பவளை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்து எந்த போல்ட் என்று தெரியாமல் டார்ச் பிடிக்க முடியாது. அப்படித்தான் கற்றுக்கொண்டாள். எங்கே போனாலும் பின்சீட்டில் போட்டுக்கொண்டு போனார்கள். கூப்பிட ஒரு பேரும் வைத்தார்கள். ஸ்டெப்னி. பின்னால் கிடக்கிற உதிரிச் சக்கரம். அவளும் சிரித்தாள். அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தம், ஒருத்தன் வீட்டுக்கு வெளியே வைத்திருக்கிற பெண் என்று, பிறகுதான் தெரிந்தது. அதன் பிறகு சிரிக்கவில்லை. பேர் மட்டும் நின்றுவிட்டது.

கார் விற்பனைக்கு வந்த சேதியைக் கொண்டு வந்தவன் அண்ணன்தான். பேரம் பேசியவனும் அவன்தான். அதை அவள் மறுத்ததில்லை. பணம் அவளுடையது. ஆனால் பெட்ரோல் போடும்போது அது உன் வண்டி, ஓட்டும்போது நம்ம வண்டி, நாலு பேர் முன்னால் என் வண்டி என்று அண்ணனின் வாயில் அது மாறிக்கொண்டே இருந்தது. கேட்டுக் கேட்டு அவளே "என் வண்டி" என்று சொல்வதை நிறுத்தியிருந்தாள்.

சக்கரங்கள் அப்படி இல்லை. அழுக்கும் கீறலுமாக வந்தவற்றை ஒவ்வொரு ஞாயிறும் குளியலறை வாசலில் போட்டு உப்புத்தாளால் தேய்த்தாள். விரல்நுனி ரேகை போய், பட்டறையில் லென்ஸ் வழுக்கியது. தாமிர நிறத்தை அவளே கலந்து, அவளே அடித்தாள்.

ரோட்டோரத்திலேயே நட்டுகளை முறுக்கிவிட்டு, இண்டிகேட்டர் நான்கையும் போட்டு, நடக்கிற வேகத்தில் ஓட்டினாள். வழியில் நிறுத்தி நிறுத்தித் திரும்ப முறுக்கினாள். அம்மா பெரியம்மாவுக்கு ஃபோன் செய்து வர முடியாது என்றாள். காரணம் வயிற்றுவலி என்றாள். அதே ரோட்டில் பாதி கட்டி நின்றுபோன கடை வளாகம் ஒன்று உண்டு. அதன் நிறுத்துமிடத்தில் இன்றைக்குக் கார்க்காரர்கள் கூடுகிறார்கள். அண்ணன் அங்கேதான் இருப்பான்.

இருந்தான். கையில் டீயோடு. பக்கத்தில் தரையின் வெள்ளைக் கார். அதில் அவளுடைய தாமிரச் சக்கரங்கள். ஒருவன் குந்தி உட்கார்ந்து அவற்றைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். வேறு ஊர்க் கூட்டத்தைச் சேர்ந்த இரண்டு பேருக்கு அண்ணன் விளக்கிக்கொண்டிருந்தான்: தன் செட்டுதான், பெயின்ட்கூடத் தான் கலந்ததுதான், நண்பனுக்காக ஒருநாள் கொடுத்திருப்பதாக.

அவள் காரை அந்த வெள்ளைக் காரின் மூக்குக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"டேய், ஸ்டெப்னி வந்துருக்கு பாரு," என்றான் தரை. "இரும்புச் சக்கரத்தோட."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். அம்மா பக்கத்துக் கண்ணாடி இறங்கியிருந்தது.

"யாரைச் சொல்றான்?" என்றாள் அம்மா.

"என்னைத்தான்."

"எத்தனை நாளா?"

"இந்த வண்டி வாங்குறதுக்கு முன்னாலேர்ந்து."

"உங்க அண்ணன் இருக்கும்போதேவா?"

"அவன் வச்ச பேருதாம்மா."

அம்மா முகத்தை நேராக வைத்துக்கொண்டாள். அப்பா வீட்டை விட்டுப் போய்ச் சேர்ந்துகொண்ட பெண்ணைத் தெருவில் எல்லோரும் அந்த ஒரு சொல்லால்தான் சொன்னார்கள். வீட்டுக்குள் அதை யாரும் உச்சரித்ததில்லை. அண்ணனுக்கு அப்போது விவரம் தெரிகிற வயது.

அவள் இறங்கி, முன்சக்கரத்து நட்டு ஒன்றைக் கழற்றிக்கொண்டு போய் அண்ணன் முன்னால் உள்ளங்கையை நீட்டினாள்.

"இது என்ன?"

"நட்டு."

"எந்தச் சக்கரத்து நட்டு?"

"ஆரம்பிச்சிட்டியா? நட்டுன்னா நட்டுதான். ஒரே மரை, ஒரே சைஸு. இறுக்கமாத்தான் போட்டேன். உனக்கு ஓட்டத் தெரியலன்னா..."

"அம்மா பக்கத்துல உக்காந்திருந்தாங்க. விரலால சுத்துச்சு."

படம் எடுத்துக்கொண்டிருந்தவன் எழுந்து வந்து அந்த நட்டை வாங்கினான். அடியைப் பார்த்தான். அவளுடைய காரில் மாட்டியிருந்த இரும்புச் சக்கரத்தைப் பார்த்தான். பக்கத்திலிருந்தவனிடம் கொடுத்தான். கை மாறிக் கை மாறி நட்டு ஒரு சுற்றுப் போயிற்று. அங்கே நின்ற ஒவ்வொருவனுக்கும் அது என்னவென்று தெரியும். சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணன் டீயைக் குடித்தான். டம்ளரில் ஒன்றும் இல்லை.

அவள் ஜாக்கியை எடுத்துவந்து வெள்ளைக் காரின் கீழே தள்ளினாள். போகவில்லை. அவ்வளவு தாழ்வு. படம் எடுத்தவன் தன் வண்டியிலிருந்து தட்டையான ஜாக்கி ஒன்றைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தான்.

"தங்கச்சி," என்றான் தரை. ஸ்டெப்னி அதற்குள் தங்கச்சி ஆகியிருந்தாள். "தங்கச்சி, என்ன செய்ற? நாளைக்கு நானே கொண்டாந்து தரேன். என்னோட சக்கரம் வீட்ல கிடக்கு. கழட்டிட்டா என் வண்டி எதுல நிக்கும்?"

"ஸ்டெப்னில."

அவன் விளங்காமல் பார்த்தான். ஒவ்வொருவன் டிக்கியிலிருந்தும் உதிரிச் சக்கரத்தை எடுத்துவந்து கீழே படுக்கப் போடச் சொன்னாள். எதிர்த்துப் பேச யாரும் முன்வராததால் அவனே போய் எடுத்துவந்தான்.

முதல் சக்கரம் கையோடு வந்தது. அதைத் திருப்பியவள் அப்படியே நின்றாள். தரை தன்னுடைய கூம்பு நட்டுகளைக் கிண்ணத் துளைகளில் போட்டு மிதித்து முறுக்கியிருக்கிறான். ஓரமெல்லாம் பல்லால் கடித்துத் துப்பிய மாதிரி பிய்ந்து, தாமிரத்துக்குள்ளிருந்து வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது. மீதி மூன்று சக்கரத்தையும் அவன் அப்படித்தான் மாட்டியிருப்பான். இனி எந்த நட்டும் அதில் உட்காராது.

ஸ்பானர் அவள் கையில் இருந்தது. அண்ணனின் முழங்கால் பக்கத்தில் இருந்தது. எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பதைப் பிறகு பலமுறை நினைத்துக்கொண்டாள்.  யாரோ என்னவோ கேட்டார்கள். அவள் குனிந்து அடுத்த நட்டைக் கழற்றினாள்.

தரையின் கூம்பு நட்டுகளைத் தன் இரும்புச் சக்கரங்களில் போட்டாள். அவற்றுக்கும் அதே மரைதான். போய் உட்கார்ந்த சத்தம் கேட்டது. ஒவ்வொன்றையும் இரண்டு தரம் முறுக்கினாள். உருண்டை நட்டுகளை வெள்ளைக் காரின் பானட்டின் மேல் கொட்டினாள். உருண்டு கீழே விழுந்தவற்றை யாரும் பொறுக்கவில்லை. வெள்ளைக் கார் விதவிதமான நான்கு ஸ்டெப்னிகளின் மேல் வயிற்றை வைத்துப் படுத்திருந்தது. படம் எடுத்தவன் அதையும் ஒரு படம் எடுத்தான்.

கெட்டுப்போன சக்கரங்கள் இரண்டை டிக்கியிலும் இரண்டைப் பின்சீட்டிலும் ஏற்றினாள். அண்ணன் வந்தான். வீட்டுக்குத்தானே என்று கேட்டபடி பின்கதவைத் திறந்தவன் சக்கரங்களைப் பார்த்தான். ஒன்றைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துகொள்கிறேன் என்றான்.

"உன் தங்கச்சி வண்டில இடமில்ல," என்றாள் அம்மா.

"அம்மா, நம்ம வண்டிம்மா."

அம்மா கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை ஏற்றினாள். பாதியில் சிக்கும் கண்ணாடி அது. இன்னொரு கையால் பிடித்துத் தூக்கி, முழுக்க ஏற்றினாள்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் காபித்தூள் டப்பாவை எடுத்துத் தன் கூம்பு நட்டுகளைக் காரில் மாட்டினாள். தரையினுடையவற்றை ஒரு பையில் போட்டு கேட்டில் தொங்கவிட்டாள். அண்ணன் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். பட்டறையில் முதல் லென்ஸ் ஃப்ரேமில் உட்காரவில்லை, திரும்பத் தேய்த்தாள். மத்தியானம் ஒரு சக்கரத்தை லேத்துக்காரரிடம் காட்டினாள். அவர் துளைகளில் விரலை விட்டுப் பார்த்தார். வெல்டிங் வைத்தாலும் நிற்காது, ரோட்டுக்கு எடுக்காதே என்றார். மேலே கண்ணாடி போட்டால் நல்ல டீப்பாய் ஆகும் என்றார். அவள் வேண்டாம் என்றாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கேட்டில் பை இல்லை. காரின் இரண்டாவது சாவி மாட்டியிருந்த ஆணியில் சாவி இல்லை. அம்மாவின் பர்ஸுக்குள் இருந்தது. அண்ணன் எங்கோ போகக் கிளம்பிச் சட்டை போட்டுக்கொண்டு வந்து சாவி எங்கே என்று கேட்டான். அம்மா பர்ஸை மூடினாள். கொஞ்ச நேரம் ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பஸ்ஸில் போனான்.