கொடியேற்றத்துக்குப் பிறகு ஒரு போட்டோ

சிறப்பு விருந்தினராக வரச் சொன்னாலே தப்பிக்க ஏதாவது சாக்குத் தேடுவேன். சால்வை போர்த்துவார்கள். நாம் பேசிக்கொண்டே இருப்போம். எதிரே பிள்ளைகள் வெயிலில் நின்று காய்வார்கள்... மிட்டாய் எப்போது தருவார்கள் என்பதுதான் அங்கே முக்கால்வாசிப் பேரின் கவலை. அந்த வயதில் நான் மட்டும் என்ன, தேசத்தைப் பற்றியா யோசித்துக்கொண்டு நின்றேன்?

இந்த ஆகஸ்ட் பதினைந்துக்கு மார்த்தாண்டம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருந்தார்கள். வடசேரியில் பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தேன். கொடியேற்றினேன். உள்ளே மடித்து வைத்திருந்த பூவெல்லாம் என் தலையிலேயே கொட்டியது. பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு.

சுருக்கமாகப் பேசுவது என்று முடிவு செய்திருந்தேன். நம்ம மாவட்டத்துக் கதையையே எடுத்துக்கொண்டேன். நாடு முழுக்க விடுதலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, நாம் இருந்த திருவிதாங்கூர் சமஸ்தானம் மட்டும் தனியாகவே இருந்துகொள்கிறோம் என்று முறுக்கிக்கொண்டு நின்றது. கடைசி நேரத்தில்தான் இந்தியாவோடு சேரச் சம்மதித்தது. அதற்குப் பிறகு போராடி, உயிர்களைக் கொடுத்து, 1956 நவம்பர் ஒன்றில் தமிழ்நாட்டுக்கு வந்தோம். அதனால்தான் வருஷா வருஷம் அன்றைக்கு நமக்கு உள்ளூர் விடுமுறை.

“நம்ம பெரியவர்கள் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை. முதலில் நாடு மாறியது, பிறகு மாநிலம் மாறியது” என்றேன். கைதட்டினார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

நிறைவாக தேசிய கீதம். பிளஸ் ஒன் படிக்கிற ஒரு பெண் மைக் முன்னால் வந்து தொடங்கினாள். அடேயப்பா, என்ன குரல்! ஒரு சொல்லைக்கூட விழுங்காமல், கண்ணைக் கொடியிலிருந்து எடுக்காமல் பாடினாள். மைதானமே அவள் பின்னால் பாடியது.

டீ குடிக்கும்போது அவளைக் கூப்பிட்டு விடச் சொன்னேன். தர்ஷினி என்று வைத்துக்கொள்வோம். எந்த ஊர் மக்கா என்று கேட்டேன். முகாம் என்றாள். இலங்கைத் தமிழர் முகாம். யுத்தத்துக்குப் பயந்து, அவள் அம்மாவைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு படகில் வந்த குடும்பம். அந்தக் கைக்குழந்தை இங்கேயே வளர்ந்து, கல்யாணம் செய்து, இவளைப் பெற்றிருக்கிறது.

இவ்வளவு கம்பீரமாக நிற்கிறாயே, என்.சி.சி.யில் சேரவில்லையா? சும்மா இருக்காமல் கேட்டுத் தொலைத்தேன். தலைமையாசிரியை என்னைப் பார்த்த பார்வையிலேயே தப்பு புரிந்துவிட்டது. ஆசைப்பட்டாள், தேர்வுக்கும் வந்து நின்றாள், குடிமக்களுக்கு மட்டும்தான் என்று விதி இருப்பது அப்புறம்தான் தெரிந்தது என்றார். பாட்டையாவது நான் பாடுகிறேனே டீச்சர் என்று இவளே வந்து கேட்டாளாம்.

தர்ஷினிக்கு என் பேச்சில் ஒரு சந்தேகம் இருந்தது.

“மேடம், அன்னைக்கு நம்ம ஆளுவ எல்லாம் இந்தியாவுல சேந்தாவன்னு சொன்னியளே... அவிய ஒவ்வொருத்தர்கிட்டயும் போயி, சேருவியளான்னு கேட்டாவளா?”

இல்லை, அப்படி யாரும் தனித்தனியாகக் கேட்கவில்லை, மண் சேர்ந்தது, அதில் இருந்தவர்களும் சேர்ந்தார்கள் என்றேன்.

“நான் பெறந்ததும் இஞ்சதான மேடம்.”

குறையாகச் சொல்லவில்லை. கணக்கில் எந்த இடத்தில் தப்பு வந்தது என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். நான் டீயைக் குடித்தேன். வேறென்ன செய்ய? கைதட்டல் வாங்கின நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது.

மேலே படிக்க வேண்டும், நர்ஸாகி ராணுவத்தில் சேர வேண்டும் என்று அவளுக்கு ஆசை என்று தலைமையாசிரியை பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். அந்தக் கதவும் இப்போதைக்குச் சாத்தித்தான் இருக்கிறது.

கிளம்பும் முன் கொடிக்கம்பத்தடியில் குரூப் போட்டோ. காக்கி உடுப்போடு என்.சி.சி. பிள்ளைகள் என்னைச் சுற்றி வரிசையாக நின்றார்கள். என்னோடு பேசிக்கொண்டே வந்த தர்ஷினி, கேமரா நிமிர்ந்ததும் தானாகவே விலகி வேப்பமரத்தடிக்குப் போய்விட்டாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. வா என்று கை காட்டினேன். “அது என்.சி.சி. போட்டோ மேடம்” என்று சிரித்தாள்.

பதினாறு வயதில் பழகுகிற பழக்கமா அது? எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முன்வரிசையில் நடுவில் நின்ற ஜெபிஷா என்ற பெண்தான் அந்த அணிக்குத் தலைவி. தர்ஷினியின் வகுப்பு. விறைப்பாக நின்றவள் வரிசையை விட்டு வெளியே வந்தாள். நேரே மரத்தடிக்குப் போனாள்.

“ஏட்டி, ஒனக்குத் தனியா வெத்தல பாக்கு வைக்கணுமா? வா இஞ்ச.”

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, தான் நின்ற இடத்தில் அவளை நிறுத்திவிட்டு, ஓரத்தில் போய் நின்றுகொண்டாள். போட்டோ எடுத்தார்கள்.

நாடு கூப்பிட இன்னும் நாளாகும் போலிருக்கிறது. பக்கத்து பெஞ்சுக்காரி கூப்பிட்டுவிட்டாள்.